முதல் வேலையைத் தேடும்போதே இரண்டாவது வேலையை நினையுங்கள்

பத்தாம் வகுப்போடு வேலைக்குக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வழிகாட்டி

கோவை கணபதியில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் பத்தாவது முடித்துவிட்டு, கல்யாணக் கேட்டரிங், பந்தல் வேலை என்று இரண்டு வருஷம் ஓட்டினான். 18 வயது நிறைந்ததும் ஒரு பம்ப் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தான். முதல் சம்பளம் ஏறிய அன்று சாயங்காலம் போனை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

“பன்னெண்டாயிரம்னு சொல்லித்தானுங்ணா சேத்தாங்க. பத்தாயிரத்து நானூத்தி எழுபதுதான் ஏறியிருக்குது. ஏமாத்திட்டாங்களாங்ணா?”

சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆபீஸில் கேட்டு வாங்கி வந்தான். பி.எஃப். 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. 90 ரூபாய். கணக்கு சரியாகவே இருந்தது. யாரும் அவனை ஏமாற்றவில்லை.

“சரி, மெஷின்ல நிக்க விடறாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்ணா. காஸ்டிங்கத் தூக்கி வெக்கிறது, இரும்புத் தூளக் கூட்டி அள்றது, அவ்வளவுதானுங்.”

அவனுடைய கவலை குறைந்துபோன 1,530 ரூபாயைப் பற்றியது. என் கவலை, அந்த வேலையில் இரண்டு வருஷம் நின்றாலும் அவன் கூட்டி அள்ளத்தான் தெரிந்தவனாக இருப்பான் என்பது. பத்தாவதோடு கிடைக்கும் முதல் சம்பளம் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இரண்டாவது வேலையில் வருகிறது. அதனால் முதல் வேலையை எடைபோடும்போது, ‘இங்கிருந்து கிளம்பும் நாளில் என் கையில் என்ன தொழில் இருக்கும், என்ன சான்றிதழ் இருக்கும்?’ என்ற கேள்வியைச் சம்பளத்தோடு சேர்த்துக் கேளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில்.

முதலில் வயதைப் பாருங்கள்

14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். 2016-இல் திருத்தப்பட்ட குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டப்படி, 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களைச் சுரங்கம், பட்டாசு போன்ற வெடிபொருள் மற்றும் எளிதில் தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலை, ஆபத்தான ரசாயன வேலை ஆகியவற்றில் வைக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் வேலை நேரத்துக்கும் இரவு வேலைக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால்தான் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் 18 நிறைந்தவர்களையே எடுக்கின்றன.

வண்டி ஓட்டும் வேலைக்கும் வயதுக் கணக்கு இருக்கிறது. கியர் பைக்குக்கு 18 வயது ஆக வேண்டும். சரக்கு வண்டி, பயணிகள் வண்டி போன்ற வாடகை வாகனங்களுக்கு 20. பதினேழு வயதுப் பையனிடம் பைக்கைக் கொடுத்து டெலிவரிக்கு அனுப்பிப் பிடிபட்டால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஓட்டுநர் தொழிலையே நம்பியிருப்பவனுக்கு அந்த எட்டு வருஷம் பேரிழப்பு.

எனவே 15, 16, 17 வயதில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: இந்த வருஷங்கள் சம்பாதிக்கச் சட்டம் குறுக்கே நிற்கும் காலம், தொழில் பழக எல்லாக் கதவும் திறந்திருக்கும் காலம். பழகப் பயன்படுத்துங்கள்.

உடனே கிடைக்கும் வேலைகள்

ஜவுளிக் கடை, சூப்பர் மார்க்கெட், குடோன், பேக்கிங், ஹெல்பர் ஆகிய வேலைகளில் நான் அதிகம் கேட்கும் ஆரம்பச் சம்பளம் மாதம் 10,000 முதல் 15,000 வரை. சாப்பாடும் தங்குமிடமும் தருகிற இடங்களில் கையில் வருவது குறையும். இவற்றில் எது மேலே தூக்கிவிடும், எது இருக்கும் இடத்திலேயே வைத்திருக்கும் என்று பார்ப்போம்.

திருப்பூர் பனியன் கம்பெனி. புதிதாகப் போகிறவர் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளராகச் சேருவார். அல்லது செக்கிங், பேக்கிங். அங்கேயே நின்றுவிட்டால் சம்பளம் பெரிதாக ஏறாது. மதிய இடைவேளையில் டெய்லரிடம் கேட்டு ஓவர்லாக், பேட்லாக் மெஷினில் துண்டுத் துணி ஓட்டிப் பழகியவர் சீக்கிரமே டெய்லராகிவிடுகிறார். டெய்லருக்கு ஷிப்ட் சம்பளமோ பீஸ் ரேட்டோ கிடைக்கும். கை வேகம் ஏறினால் வருமானமும் ஏறும். இங்கே ஒன்றரை ஷிப்ட் வேலை சகஜம் என்பதால், 12 மணி நேரத்துக்கான தொகையை 8 மணி நேரச் சம்பளம் என்று நினைத்துச் சேர்ந்துவிடாதீர்கள்.

ஓட்டல். சப்ளையராகச் சேருகிறவரில் பாதிப் பேர் சப்ளையராகவே இருக்கிறார்கள். அடுப்பங்கரைப் பக்கம் போனவர் கதை வேறு. பரோட்டா மாஸ்டருக்கும் டீ மாஸ்டருக்கும் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. கைப்பக்குவத்துக்குத்தான் நாள் கூலி.

ஜவுளிக் கடை, நகைக் கடை. பேச்சுத் திறமையும் கணக்கும் உள்ளவர்கள் பில்லிங், ஸ்டாக் கணக்கு என்று நகர்ந்தால் வளர்ச்சி உண்டு. நாள் முழுக்க நிற்க வைப்பது இந்தத் தொழிலின் பெரிய கொடுமை. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டமே திருத்தியிருக்கிறது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

டெலிவரி. 18 வயதும் லைசென்ஸும் பைக்கும் இருந்தால் அன்றே தொடங்கலாம். ஆனால் ஆப்பில் காட்டும் வாரத் தொகை முழுவதும் உங்கள் சம்பளம் ஆகாது. பெட்ரோல், பைக் தவணை, சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் கழித்து மீதியைப் பாருங்கள். இந்தத் தொழிலாளர்களுக்காக 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தனி நலவாரியம் அமைத்தது. சேருகிறவர்கள் அதில் பதிந்துகொள்ளுங்கள். ஒரு வருஷக் கைச்செலவுக்கு இந்த வேலை சரி. ஐந்து வருஷம் ஓட்டினாலும் முதல் நாள் ரேட்தான் என்பதை மறக்க வேண்டாம்.

சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி?

நம் தம்பியின் சீட்டையே எடுத்துக்கொள்வோம். சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், பி.எஃப். கணக்குக்குப் போகிறது. அது செலவல்ல, சேமிப்பு. அதே அளவு தொகையை முதலாளியும் போட வேண்டும்; அதில் ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும். இ.எஸ்.ஐ.க்கு உங்களிடம் 0.75 சதவீதம், 90 ரூபாய் பிடிப்பார்கள்; முதலாளி 3.25 சதவீதம், 390 ரூபாய் கட்டுவார். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அந்தத் தொண்ணூறு ரூபாய்க்கு உங்களுக்கும் உங்களை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். வேலையில் விரல் போனால் இழப்பீடும் அதன் வழியாகத்தான்.

ஆகவே ‘பிடித்தம் இல்லாமல் முழுசாக 12,000 கையில்’ என்று ஒருவர் ஆசை காட்டினால், முதலாளி போட வேண்டிய 1,830 ரூபாயை நீங்கள் மாதாமாதம் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பொருள். பிடிக்கிறார்கள் என்றால் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணைக் கேட்டு வாங்கி, பணம் உண்மையில் ஏறுகிறதா என்று போனிலேயே பாருங்கள். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது.

தொழிலாளர் துறை ஒவ்வொரு தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கிறது. அதில் சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 முதல் மாறும். உங்கள் தொழிலுக்கு இந்த வருஷம் எவ்வளவு என்று துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு நேர்முகத்துக்குப் போங்கள். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி.

சம்பளத்தோடு தொழில்: அப்ரண்டிஸ்

பத்தாவது முடித்தவர்கள் பலருக்குத் தெரியாமலே போகும் வாசல் இது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி கம்பெனிகள் பழகுநர்களை எடுத்துப் பயிற்சி தந்து உதவித்தொகையும் கொடுக்க வேண்டும். 2019-இல் வந்த விதிப்படி பத்தாம் வகுப்பு முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 6,000 ரூபாய். ஐந்தாவது முதல் ஒன்பதாவது வரை படித்தவருக்கு 5,000. இரண்டாம் ஆண்டில் 10 சதவீதம் கூடும். இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தலாம் என்று 2025-இல் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. சேரும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை ஐ.டி.ஐ. முடிக்காத, பத்தாவது மட்டும் முடித்தவர்களையும் ‘பிரெஷர்’ பிரிவில் எடுக்கிறது. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், பெயின்டர், கார்பென்டர் என்று பல தொழில்கள். தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோல். தெற்கு ரயில்வேயும் இதுபோல அறிவிப்பு வெளியிடுகிறது. ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு, பிறகு ரயில்வே லெவல் 1 வேலைகளில் 20 சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆறாயிரம் ரூபாயில் தொடங்கும் முதல் வேலை இரண்டாவது வேலைக்கு வழி வெட்டித் தருவது இப்படித்தான்.

இரண்டு வருஷம் பொறுக்க முடிந்தால்: ஐ.டி.ஐ.

அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை. மாத உதவித்தொகை 750 ரூபாய். பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர் போன்றவற்றுக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர், ஒயர்மேன், பிளம்பர், தையல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு எட்டாவது போதும். 71 அரசு ஐ.டி.ஐ.க்களில் டாடா டெக்னாலஜிஸ் கூட்டில் ரோபோ, சி.என்.சி. போன்ற புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. விண்ணப்பம் போடும்போது அந்த ஐ.டி.ஐ.க்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

படிப்பு இதோடு முடிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். பத்தாவதுக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, பிளஸ் டூ தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் அது பிளஸ் டூவுக்கு இணையாகக் கருதப்படுகிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

இந்த வழியில் இழப்பு இருக்கிறது. அதையும் கணக்குப் போட்டே சொல்கிறேன். மாதம் 12,000 வாங்கும் ஹெல்பர் இரண்டு வருஷத்தில் 2,88,000 சம்பாதிப்பார். ஐ.டி.ஐ. மாணவருக்கு இரண்டு உதவித்தொகையும் சேர்ந்து 42,000. குடும்பம் பொறுக்க வேண்டியது 2,46,000. படிப்பை முடித்தபின் ஹெல்பரைவிட மாதம் 5,000 ரூபாய் கூடக் கிடைத்தால், அந்த இழப்பு ஏறக்குறைய நான்கு வருஷத்தில் ஈடாகிவிடும். பதினாறில் ஐ.டி.ஐ. சேர்ந்தவருக்கு அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். பெற்றோர்களே, வீட்டில் உட்கார்ந்து உங்கள் பிள்ளையோடு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அந்த 2,46,000-ஐப் பொறுக்கவே முடியாத வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்ரண்டிஸ் வழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பத்தாவது போதும் என்னும் அரசு வேலைகள்

கிராம அஞ்சல் பணியாளர். தேர்வே கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மெரிட் பட்டியல். வயது 18 முதல் 40. கிளை அஞ்சல் அலுவலருக்குத் தொடக்கம் 12,000 ரூபாய், உதவி அலுவலருக்கு 10,000, அகவிலைப்படி தனி. பத்தாவதில் மதிப்பெண் நன்றாக வாங்கியவர்கள் இதை விடவே கூடாது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4. 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் பாதி தமிழ். தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். இளநிலை உதவியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500-இல் தொடங்குகிறது. பட்டதாரிகளும் இதே தேர்வை எழுதுவதால் போட்டி கடுமை. ஆனால் கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம். பள்ளிப் பாடப் புத்தகம்தான் அதற்கு முதல் கைடு.

இரண்டாம் நிலைக் காவலர். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிறது. 18 வயது முதல். சம்பள விகிதம் 18,200 முதல் 67,100 வரை. எழுத்துத் தேர்வோடு உடல் தகுதியும் வேண்டும். ஓடிப் பழகுவதை அறிவிப்பு வந்தபின் தொடங்கினால் தாமதம், இன்றே தொடங்குங்கள்.

ரயில்வே லெவல் 1. அடிப்படைச் சம்பளம் 18,000. 2025 ஜனவரியில் நாடு முழுவதும் 32,438 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. பத்தாவது போதும் என்றார்கள்.

அக்னிவீர். ராணுவத்தில் நான்காண்டுப் பணி. வயது பதினேழரை முதல் 21. முதல் ஆண்டில் மாதம் 30,000 என்றாலும் கைக்கு வருவது 21,000; மீதி சேமிப்பு நிதிக்கு. நான்காண்டு முடிவில் சுமார் 10 லட்சமும் அதற்கான வட்டியும் கிடைக்கும். ஆனால் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் நிரந்தரப் பணி. சேரும் நாளிலேயே ஐந்தாவது வருஷத்துக்கு ஒரு திட்டம் வேண்டும்.

அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று நாலு வருஷம் சும்மா வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஒரு தொழிலில் இருந்துகொண்டே காலையில் இரண்டு மணி நேரம் படியுங்கள்.

பத்தாவது தவறிவிட்டதா?

தவறிய பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். தேறிய பாடம் தேறியதுதான். ஒரு கணக்குப் பரீட்சைக்குப் பயந்து பாதியில் விட்டவர்களுக்குச் சொல்கிறேன்: நான் மேலே சொன்ன அரசு வேலைகளில் ஏறக்குறைய எல்லாமே அந்த 35 மதிப்பெண்ணுக்கு அந்தப்பக்கம்தான் இருக்கின்றன.

பாஸ்போர்ட்டிலும் அந்த மார்க் ஷீட் பேசும். பத்தாவது தேறாதவருக்குக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்தான் கிடைக்கும்; வளைகுடா நாடுகளுக்குப் போவதற்கு முன் கூடுதல் அனுமதி வாங்க வேண்டும். தேறியவருக்கு அது வேண்டியதில்லை. வெளிநாட்டு வேலைக்கு மத்திய அரசில் பதிவுபெற்ற முகவரிடம் மட்டும் போங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவற்றில் சிக்கிவிடாதீர்கள்

அசல் சான்றிதழ். எனக்கு 17 வயதில் ஒரு கடையில் வேலை கொடுத்தவர்கள் என் அசல் மார்க் ஷீட்டை வாங்கி லாக்கரில் வைத்துக்கொண்டார்கள். படிக்கப் போகிறேன் என்று விலகியபோது திரும்ப வாங்க மூன்று மாதம் நடந்தேன். அதற்குள் அட்மிஷன் தேதி முடிந்து ஒரு வருஷம் வீணாயிற்று. அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். அசல் உங்களோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.

முன்பணம். மதுரை, தேனிப் பக்கத்தில் வெளிமாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் பையன்களை அனுப்ப வீட்டில் முன்பணம் கொடுப்பார்கள். அந்தக் கடனைக் கழிக்கும்வரை பையன் அங்கிருந்து நகர முடியாது. இது 1976-ஆம் ஆண்டின் சட்டப்படி கொத்தடிமை முறை, குற்றம்.

மொத்தமாகத் தருகிறோம் என்னும் பேச்சு. மேற்கு மாவட்ட நூல் மில்களில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தை நாம் பார்த்தோம். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவர்கள் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். சம்பளம் மாதாமாதம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். வேறு எந்த ஏற்பாட்டுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று டெபாசிட் கேட்பவரை நம்பாதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சிக்கலில் இருந்தால் 1098, பெண்கள் என்றால் 181 என்ற எண்ணை அழையுங்கள்.

நேர்முகத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை

- சம்பளம் எத்தனை மணி நேரத்துக்கு? ஓவர்டைம் என்ன கணக்கு?
- பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? சம்பளச் சீட்டு தருவீர்களா?
- வார விடுமுறை எந்த நாள்?
- ஆறு மாதம் கழித்து என்னை எந்த மெஷினில், எந்தப் பிரிவில் போடுவீர்கள்?

நான்காவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். அந்த இடத்தில் உங்களுக்கு வளர்ச்சி உண்டா என்பது அதில் தெரிந்துவிடும்.

கணபதித் தம்பிக்கு நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இடது பக்கத்தில் அன்று போன நேரம், வந்த நேரம், ஓவர்டைம். வலது பக்கத்தில் அன்று புதிதாகக் கற்ற ஒரே ஒரு விஷயம். முதல் மாதம் வலது பக்கம் முழுக்கக் காலி. அதைப் பார்த்தபின் அவனுக்கே பொறுக்கவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரம் நின்று லேத் ஆபரேட்டருக்கு மெஷினைத் துடைத்துக் கொடுத்தான். அவர் வெர்னியரைக் கையில் கொடுத்து அளவு பார்க்கச் சொல்லித் தந்தார். மெயின் ஸ்கேலில் முழு மில்லிமீட்டர், வெர்னியர் ஸ்கேலில் எந்தக் கோடு நேராகப் பொருந்துகிறதோ அதை 0.02-ஆல் பெருக்கிக் கூட்டு. நோட்டில் பென்சிலால் அதை எழுதி, கீழே ஒரு ஷாஃப்ட்டின் அளவையும் எழுதியிருந்தான்: 24.86.

நீங்களும் ஒரு நோட்டு வாங்குங்கள். சம்பளப் பாக்கியில் தகராறு வந்தால் இடது பக்கம் சாட்சி சொல்லும். வலது பக்கம் நிறைந்தால், இரண்டாவது வேலைக்கான நேர்முகத்தில் என்ன தெரியும் என்று கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்கும். ஆறு மாதமாகியும் அது காலியாகவே இருந்தால், சம்பளம் எவ்வளவு வந்தாலும் அடுத்த இடத்தைத் தேடத் தொடங்குங்கள்.